இடிக்க மறந்த கட்டிடம்

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டும். ஆணி இருக்கிறது. சுத்தியல் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆணி மட்டும் அடிக்காதீர்கள்!"

படம் மூலையில் சாய்ந்தே கிடக்கிறது.

ஆபீசுகளிலும் இதே கதைதான். மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்த வேண்டுமா? மனு எழுதிக் கொடுக்க வேண்டும். மனு மேலே போய்க் கீழே வருவதற்குள் கோடை காலமே முடிந்துவிடும்!

ஆணி அடிக்கலாம், துளை போடலாம், தேவைப்பட்டால் சுவரையே பெயர்த்து எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். இப்படி ஒரு வேலைக்கூடம் இருந்தால் எப்படி இருக்கும்?

இருந்தது! 55 ஆண்டுகள் இருந்தது. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகள் அதில் வேலை செய்தார்கள். அதுவும் எப்படிப்பட்ட கட்டிடம்? மழை பெய்தால் ஒழுகும். கோடையில் வேகும். குளிர் காலத்தில் விறைக்கும். நடந்தால் தரை கிறீச்சிடும்.

அதன் பெயர் கூடப் பெயர் இல்லை. வெறும் எண்தான். "20ஆம் எண் கட்டிடம்."

ஒரே நாளில் வரைந்த படம்

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. (இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் வேறு.) அங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற பெரிய கல்விக்கூடம் உண்டு. சுருக்கமாக எம்.ஐ.டி. என்பார்கள். (சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யும் வேறு!)

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானிகள் சிலர் ஒரு ரகசியக் கருவியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்தார்கள். அதன் பெயர் "மாக்னெட்ரான்". பலம் மிகுந்த குறுகிய ரேடியோ அலைகளை உண்டாக்கும் கருவி அது.

ரேடியோ அலையை வானத்தில் அனுப்ப வேண்டியது. எதிரி விமானத்தின் மேல் அது மோதித் திரும்பி வரும். வந்த அலையைக் கொண்டு விமானம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இதுதான் "ராடார்". இருட்டிலும் மேகத்திலும் கூட எதிரி தப்ப முடியாது.

இந்த ராடாரை வளர்ப்பதற்காக எம்.ஐ.டி.யில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். "ரேடியேஷன் லேபரட்டரி" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே ஒரு தந்திரம்! கேட்பவர்கள் ஏதோ அணு ஆராய்ச்சி நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யுத்தம் முடியும் சமயத்தில் ஏறக்குறைய 4,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். இத்தனை பேருக்கும் இடம் வேண்டாமா?

1943ஆம் ஆண்டில் டான் விஸ்டன் என்ற கட்டிட நிபுணரைக் கூப்பிட்டார்கள். "புதிய கட்டிடத்துக்குப் படம் வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும்!" என்றார்கள். அவரும் அன்றைக்கே வரைந்து கொடுத்துவிட்டார்.

இரும்பு கிடைக்கவில்லை. இரும்பெல்லாம் கப்பலுக்கும் டாங்கிக்கும் போய்விட்டது. ஆகவே மரத்தால் கட்டினார்கள். மூன்று தளங்கள். எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2 லட்சம் சதுர அடி!

இவ்வளவு பெரிய மரக் கட்டிடத்தை நகரத்தின் தீ பாதுகாப்பு விதிகள் அனுமதிக்காது. யுத்த காலம் என்பதால் விதிவிலக்கு கொடுத்தார்கள். ஆனால் ஒரு கெடுவும் வைத்தார்கள். யுத்தம் முடிந்து ஆறு மாதம் வரைதான் கட்டிடம் இருக்கலாம். அதன் பிறகு இடித்துவிட வேண்டும்.

1945ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. அந்த ஆண்டு கடைசியில் ராடார் ஆராய்ச்சிக்கூடத்தையும் மூடினார்கள். அதில் வேலை செய்த ராபி, பர்செல், ஆல்வாரெஸ் முதலான பலர் நோபல் பரிசு பெற்றவர்கள். கடைசி வரை இருந்த விஞ்ஞானிகள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு தத்தம் ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

கட்டிடம் மட்டும் நின்றது.

வேண்டாதவர்களின் வீடு

ஏன் இடிக்கவில்லை? காரணம் சாதாரணமானது. யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்களை அமெரிக்க அரசாங்கம் தன் செலவில் படிக்க வைத்தது. கல்லூரிகளில் கூட்டம் நெரிந்தது. கையில் இருக்கும் கட்டிடத்தை இடித்துவிட்டு வகுப்புக்கு எங்கே போவது? "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருஷமும் அப்படியே சொன்னார்கள்.

நல்ல கட்டிடங்களில் இடம் கிடைத்தவர்கள் அங்கே போனார்கள். கிடைக்காதவர்கள் 20ஆம் எண் கட்டிடத்துக்கு வந்தார்கள். புதிதாக முளைத்த துறைகள், எந்தத் துறையிலும் சேராத ஆராய்ச்சிகள், பணம் இல்லாத சங்கங்கள் எல்லாம் அங்கே குடியேறின. அணு ஆராய்ச்சிக்கு அடுத்து ஒலி ஆராய்ச்சி. ஒரு பக்கம் மொழி ஆராய்ச்சி. ஒரு பக்கம் ராணுவப் பயிற்சி மாணவர்களின் ஆபீஸ். பியானோ பழுது பார்க்கும் அறை கூட ஒன்று இருந்தது!

சத்திரத்துத் திண்ணையில் யார் யாரோ வந்து படுப்பது போல இருந்தது அது.

இப்போதுதான் விசேஷம் தொடங்குகிறது. எப்படியும் இடிக்கப்போகிற கட்டிடம் அல்லவா? அதைப் பற்றி மேலதிகாரிகள் கவலைப்படவில்லை. சுவரில் ஒருவர் துளை போட்டால், "போட்டால் போட்டும்" என்று விட்டுவிட்டார்கள். மின்சாரக் கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் சுவருக்குள் மறைந்திருக்கவில்லை. மேலே வெளிப்படையாக ஓடின. புதிதாக ஒரு கம்பி இழுக்க வேண்டுமானால் ஏணி போட்டு ஏறி இழுத்துக்கொள்ளலாம். மரச் சுவர், ரம்பம் இருந்தால் போதும். ஜன்னலையும் அவரவர் இஷ்டப்படி திறந்து மூடலாம். (பிற்காலத்துக் கண்ணாடி மாளிகைகள் பலவற்றில் இந்தச் சின்ன உரிமை கூடக் கிடையாது.)

பளிங்கு மண்டபத்தில் இருந்த பேராசிரியருக்கு அந்தச் சுவர் சொந்தம் இல்லை. மரக் கொட்டகையில் இருந்தவருக்கு, காகிதத்தில் இல்லாவிட்டாலும், காரியத்தில் அது சொந்தம்.

இரண்டு தளத்தை அறுத்தார்!

ஜெரால்ட் சக்கரியாஸ் என்பவர் பௌதிகப் பேராசிரியர். அணுவைக் கொண்டு காலத்தை அளக்கும் கடிகாரம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு மூன்று தளம் உயரமுள்ள ஓர் உருளை தேவைப்பட்டது. அவ்வளவு உயரமான அறைக்கு எங்கே போவது?

அவர் என்ன செய்தார் தெரியுமா? குறுக்கே நின்ற தளங்களை வெட்டி எடுத்துவிட்டார்! உருளை தரையிலிருந்து கூரை வரை எழுந்து நின்றது.

வேறு கட்டிடமாக இருந்தால்? வரைபடம், கமிட்டி, மதிப்பீடு என்று இரண்டு வருஷம் ஓடியிருக்கும்.

அந்தப் பெரிய உருளைக் கடிகாரம் ஓடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஆனால் அதோடு அவர் வளர்த்துவந்த சிறிய கடிகாரம் பலித்தது. 1956ஆம் ஆண்டில் அது கடைச் சரக்காகவே விற்பனைக்கு வந்தது. உலகத்தில் விலைக்கு விற்ற முதல் அணுக் கடிகாரம் அதுதான். தோற்றுப்போகும் முயற்சிக்கும் இடம் கொடுத்த கட்டிடம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விலை உயர்ந்த கட்டிடத்தில் தளத்தை வெட்டிவிட்டுத் தோற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

வயலின் கேட்ட வங்காளி மகன்

இன்னொரு கதை நம் நாட்டோடு தொடர்புள்ளது.

நோனி கோபால் போஸ் என்பவர் வங்காளத்தைச் சேர்ந்த தேசபக்தர். வெள்ளைக்காரப் போலீசின் கையில் சிக்காமல் 1920 வாக்கில் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். அவர் மகன் அமர் போஸ் எம்.ஐ.டி.யில் மின்சார இன்ஜினீயரிங் படித்தார்.

1956ஆம் ஆண்டில் அவர் படிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. தமக்குத் தாமே ஒரு பரிசு கொடுத்துக்கொள்ள நினைத்தார். கணக்குப் பார்த்து, குறிப்புகளைப் படித்து, சிறந்தது என்று தோன்றிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாங்கினார். வீட்டுக்குக் கொண்டு வந்து இசைத்தட்டைப் போட்டார்.

சகிக்கவில்லை! சிறு வயதில் வயலின் கற்றவர் அவர். நிஜ வயலின் எப்படி ஒலிக்கும் என்று அவர் காதுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து வந்தது அந்த ஒலி இல்லை. "காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, காதில் மட்டும் ஏன் சரியாக விழவில்லை?" என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

அவர் படித்தது ஒலி இயல் அன்று. ஆனால் 20ஆம் எண் கட்டிடத்தில் அவர் இருந்த இடத்துக்குச் சில அடி தூரத்திலேயே ஒலி ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. எதிரொலியே இல்லாத ஒரு விசேஷ அறையும் அங்கே உண்டு. செய்ய வேண்டிய வேலையை ஒதுக்கிவிட்டு அங்கே போய்ப் பேசிக்கொண்டிருப்பார். அது பக்கத்து ஊரில் இருந்திருந்தால் போயிருப்பாரா? பக்கத்துக் கட்டிடத்தில் இருந்திருந்தால் கூடச் சந்தேகம்தான்.

1964ஆம் ஆண்டில் அவர் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். "போஸ்" ஒலிபெருக்கி என்றால் உலகம் முழுதும் தெரியும். 2011ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனியின் பங்குகளில் பெரும் பகுதியைத் தாம் படித்த கல்விக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். 2013ஆம் ஆண்டில் காலமானார்.

மொழி ஆராய்ச்சியும் அங்கேதான் வளர்ந்தது. மாரிஸ் ஹாலியும் நோம் சாம்ஸ்கியும் அந்தக் கட்டிடத்து அறைகளில் உட்கார்ந்துதான் மொழி இயலின் போக்கையே மாற்றினார்கள். இன்ஜினீயரிங் கல்லூரியில் இலக்கண ஆராய்ச்சியா என்று யாரும் கேட்கவில்லை. யாரும் விரும்பாத அறைதானே? இருந்துவிட்டுப் போகட்டும்!

ரெயில் விளையாட்டு

மேல் தளத்தில் மாணவர்கள் சிலர் பொம்மை ரெயில் விட்டார்கள். "தொழில்நுட்ப மாதிரி ரெயில் சங்கம்" என்று பெயர். 1946ஆம் ஆண்டில் தொடங்கியது.

ரெயில் ஓடுவது மேஜை மேல். வேடிக்கை மேஜைக்குக் கீழே! டெலிபோன் நிலையங்களில் பயன்படும் பழைய கருவிகளை வைத்து, எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போவது என்று கட்டுப்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கான கம்பிகள் அங்கே பின்னிக் கிடந்தன.

இந்தப் பையன்களில் சிலர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்கள். 1962ஆம் ஆண்டில் "விண்வெளி யுத்தம்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. "ஹாக்கர்" என்ற சொல்லைக் கேட்டால் பாங்குப் பணத்தைத் திருடுபவன்தான் நமக்கு நினைவு வரும். இந்தச் சங்கத்துப் பையன்கள் பேச்சில் அதன் பொருள் வேறு. சாமர்த்தியமான வேலை செய்கிறவன் என்று அர்த்தம்.

வழி தவறினால் லாபம்!

அந்தக் கட்டிடத்தில் வழி கண்டுபிடிப்பது பெரிய பாடு. "பி" பிரிவைத் தாண்டினால் "ஏ" பிரிவு வரும். அதற்கடுத்து "ஈ", பிறகு "டி", பிறகு "சி"! இரண்டாம் தளத்து அறைகள் 1 என்ற எண்ணில் தொடங்கும். மூன்றாம் தளத்து அறைகள் 2 என்ற எண்ணில் தொடங்கும். (நமக்கு இது குழப்பமாகத் தோன்றாது. தரைத் தளத்தை விட்டுவிட்டுத்தான் நாம் மாடியை எண்ணுகிறோம். அமெரிக்கர்களோ தரையையே முதல் மாடி என்பார்கள். அதனால் அவர்கள் திண்டாடினார்கள்.)

பல வருஷம் இருந்தவர்கள் கூட வழி தவறுவார்கள். வழி தவறி நுழைந்த அறையில் யாராவது ஏதாவது செய்துகொண்டிருப்பார். "இது என்ன?" என்று கேட்பார்கள். பேச்சு வளரும்.

கட்டிடம் உயரமாக எழாமல் பக்கவாட்டில் நீண்டிருந்ததும் ஒரு வசதி. லிப்டில் ஏறுகிறவர் தம் மாடியில் இறங்கி அறைக்குள் போய்விடுவார். நீண்ட தாழ்வாரத்தில் நடக்கிறவர் இருபது கதவுகளைத் தாண்ட வேண்டும். அதில் ஐந்து கதவாவது திறந்திருக்கும்.

இது வெறும் கதை அன்று. அதே எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் இதை அளந்தே பார்த்தார். ஆராய்ச்சிக்கூடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள், அவர்களுடைய மேஜைகளுக்கு இடையே எத்தனை தூரம் என்று கணக்கெடுத்தார். 1977ஆம் ஆண்டில் அது புத்தகமாக வந்தது. தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது. சுமார் 30 மீட்டருக்கு மேல் போய்விட்டால், வேலையைப் பற்றிய பேச்சு மிகவும் அபூர்வமாகிவிடுகிறது. 30 மீட்டர் என்பது எவ்வளவு? தெருவில் ஐந்தாறு வீட்டு வாசல் தூரம்தான்!

சுவரே வேண்டாம் என்றால்?

இதையெல்லாம் கேட்ட சில முதலாளிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "எல்லோரும் பேச வேண்டும், அவ்வளவுதானே? தடுப்புகளை எடுத்துவிடு!" பெரிய கூடத்தில் வரிசையாக மேஜை போட்டு அத்தனை பேரையும் உட்கார வைத்தார்கள். வாடகையும் மிச்சம்!

பலன் என்ன? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ஸ்டீனும் டர்பனும் இரண்டு பெரிய கம்பெனிகளின் தலைமை ஆபீசுகளில் இதை ஆராய்ந்தார்கள். ஊழியர்கள் கழுத்தில் சிறு கருவியை மாட்டி, யார் யாரோடு நேருக்கு நேர் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். தடுப்புகளை எடுத்த பிறகு நேர்ப் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது! அதற்குப் பதிலாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டார்கள். 2018ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நாலு பேர் பார்க்க எப்போதும் உட்கார்ந்திருக்கும் மனிதன் வேலையில் மூழ்கியிருப்பது போலக் காட்டிக்கொள்வான். பேசினால் பத்துப் பேர் காதில் விழும். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தனக்குத் தானே சுவர் எழுப்பிக்கொள்வான். கல்யாணக் கூடத்தில் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேச முடியுமா?

20ஆம் எண் கட்டிடத்தில் சுவர் இருந்தது. கதவும் இருந்தது. சாத்த வேண்டும் என்றால் சாத்தலாம். திறக்க வேண்டும் என்றால் திறக்கலாம். சாத்துவதா திறப்பதா என்று உள்ளே இருந்தவர்தான் தீர்மானித்தார்.

பாராட்டியது போதும்

அந்தக் கொட்டகையைக் கோயிலாக்கிவிடவும் கூடாது. கட்டிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்கு நஞ்சு. மரம் என்பதால் தீ பயம் எப்போதும் இருந்தது. அங்கே விளைந்தது அத்தனையும் ஓட்டைக் கூரையால் விளைந்ததும் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டியது. திறமைசாலிகள் நாலா திசையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். பணமும் ஆளும் இல்லாத இடத்தில் ஒழுகும் கூரை வெறும் ஒழுகும் கூரைதான்.

"நம் ஆபீசும் ஒழுகுகிறதே, நோபல் பரிசு எங்கே?" என்று யாரும் கேட்க வேண்டாம்! ஒழுகலைச் சகித்துக்கொள் என்று தொழிலாளியிடம் சொல்லும் நிர்வாகத்துக்கு இந்தக் கதை சாக்காகவும் ஆகக் கூடாது. அங்கே இருந்தவர்கள் ஒழுகலை விரும்பியதால் தங்கவில்லை. ரம்பத்தை எடுக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. அதனால் தங்கினார்கள்.

ஜெரோம் லெட்வின் என்ற விஞ்ஞானி அந்தக் கட்டிடத்தைத் தாயின் கருப்பைக்கு ஒப்பிட்டார். அது சுத்தமான இடம் இல்லை. ஆனால் உயிர் அங்கேதான் பிறக்கிறது என்பது அவர் கருத்து.

கடைசி நாள்

1998ஆம் ஆண்டில்தான் அந்தக் கட்டிடத்துக்கு முடிவு வந்தது. பழைய விஞ்ஞானிகளும் மாணவர்களும் கூடி அதற்குப் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். ஆறு மாதக் கெடு வைத்த கட்டிடம் 55 வயதில் விடைபெற்றது. பிறகு இடித்தார்கள்.

அதே மனையில் ஃபிராங்க் கெரி என்ற புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர் "ஸ்டேட்டா மையம்" என்ற மாளிகையை எழுப்பினார். 2004ஆம் ஆண்டில் திறப்பு விழா நடந்தது. செலவு சுமார் 30 கோடி டாலர்! கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வது போல நிற்கும். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஆட்கள் ஒருவரையொருவர் சந்திக்கட்டும் என்று கீழ்த் தளத்தில் தெரு போல அகலமான நடைபாதையும் வைத்தார்கள்.

2007ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. நிர்வாகம் வழக்குப் போட்டது. என்ன புகார்? புதிய மாளிகை ஒழுகுகிறது என்று! பூஞ்சை பிடிக்கிறது, மேலிருந்து பனிக்கட்டி விழுகிறது என்றும் சொன்னார்கள். 2010ஆம் ஆண்டில் வழக்கு சமாதானமாக முடிந்தது.

சாம்ஸ்கியின் மொழி இயல் துறை பழைய மனைக்கே திரும்பி, புது மாளிகையில் குடியேறியது.

ரெயில் சங்கத்துக்கு அந்த யோகம் இல்லை. அவர்களுக்கு வேறொரு கட்டிடத்தில் இடம் ஒதுக்கினார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் தரையிலும் சுவரிலும் ஆணி அடித்துப் பொருத்திய ரெயில் பாதையைப் பெயர்த்து எடுத்துப் போக வழி இல்லை. மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே பிரித்துப்போட வேண்டியதாயிற்று. புதிய அறையில் வெறும் தரை இருந்தது. மாணவர்கள் மரச் சட்டம் அடித்து, முதல் தண்டவாளத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்கள்.